கழுதைக்குத் தெரிந்த தேற்றம்

ஒரு முக்கோணத்தில் எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவது பக்கத்தைவிடப் பெரிதாகத்தான் வரும். யூக்ளிடின் 'எலிமெண்ட்ஸ்' நூலில், முதல் புத்தகத்தின் 20-ஆம் தேற்றம் இது. இதைப் படித்துவிட்டு எபிகூரியர்கள் சிரித்தார்களாம். ஒரு மூலையில் கழுதையை நிறுத்துங்கள், இன்னொரு மூலையில் வைக்கோலைப் போடுங்கள். கழுதை மூன்றாவது மூலையைச் சுற்றிக்கொண்டா போகும்? நேரா வைக்கோலுக்குத்தான் போகும். கழுதைக்கே தெரிந்த விஷயத்துக்கு நிரூபணம் எதுக்கு?

இந்தக் கிண்டலை நமக்குச் சொல்பவர் புரோக்ளஸ். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் முதல் புத்தகத்துக்கு விளக்கவுரை எழுதியவர். அவரே பதிலும் சொல்கிறார்: கண்ணுக்குத் தெரிவது வேறு, அது எப்படி நடக்கிறது என்று அறிவது வேறு. நெருப்பு சுடும் என்பது தொட்டாலே தெரியும். எப்படிச் சுடுகிறது என்று சொல்வதுதான் அறிவியலின் வேலை.

நான் ரொம்ப நாள் கழுதை கட்சி. புரோக்ளஸின் பதிலில் எனக்கு இப்போதும் முழு திருப்தி இல்லை. ஆனால் முதல் புத்தகத்தை, தேற்றம் தேற்றமாக இல்லாமல், எது எதன் மேல் நிற்கிறது என்று கோடு போட்டுக்கொண்டே படித்த பிறகு கட்சி மாறிவிட்டேன். பாதி மாறினேன் என்று சொல்வதுதான் சரி. அந்த மீதிப் பாதி எது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

புத்தகம் எப்படி இருக்கிறது

'எலிமெண்ட்ஸ்' கி.மு. 300 வாக்கில் உருவான நூல். மொத்தம் 13 புத்தகங்கள். முதல் புத்தகத்தில் 48 தேற்றங்கள் (சில வரைமுறைகள், சில நிரூபணங்கள்; வசதிக்காக எல்லாவற்றையும் தேற்றம் என்றே சொல்கிறேன்). தொடக்கத்தில் சில வரையறைகள், ஐந்து எடுகோள்கள், 'சமமானவற்றோடு சமமானதைக் கூட்டினால் சமம்' மாதிரியான சில பொதுக் கருத்துகள். அவ்வளவுதான் முதலீடு. 47-ஆம் தேற்றம் பித்தாகரஸ், 48 அதன் மறுதலை. நடுவில் வருவதில் பெரும்பகுதி முக்கோணத்தைப் பற்றித்தான். இருசமபக்க முக்கோணம், சர்வசமம், வெளிக்கோணம், பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம், மூன்று கோணங்களின் கூட்டல்.

அதாவது நாம் பள்ளியில் படித்த அதே சரக்கு. அதனாலேயே இந்தப் புத்தகத்தைத் திறக்கும் யாருக்கும், 'இதெல்லாம் தெரிஞ்சதுதானே' என்ற எண்ணம் வரும். எனக்கும் வந்தது. தெரிந்தது என்பது உண்மை. எந்த வரிசையில் தெரிந்தது என்பதில்தான் சிக்கல்.

20-ஆம் தேற்றத்தின் கீழே என்ன இருக்கிறது

முதலில் நிரூபணத்தைப் பார்த்துவிடலாம். முக்கோணம் கசத. கச, கத இரண்டும் சேர்ந்தால் சத-வைவிடப் பெரிது என்று காட்ட வேண்டும்.

சக என்ற பக்கத்தை க-வைத் தாண்டி ப வரை நீட்டுங்கள். கப-வின் நீளம் கத-வுக்குச் சமமாக இருக்கட்டும். ப-வையும் த-வையும் இணையுங்கள். இப்போது கபத ஓர் இருசமபக்க முக்கோணம், ஆகவே அதன் அடிக்கோணங்கள் சமம். ப-வில் உள்ள கோணமும் கதப கோணமும் ஒன்றே. ஆனால் சதப என்ற பெரிய கோணத்துக்குள் கதப ஒரு பகுதிதான். ஆக சபத முக்கோணத்தில், த-வில் உள்ள கோணம் ப-வில் உள்ள கோணத்தைவிடப் பெரிது. பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம். எனவே சப, சத-வைவிடப் பெரிது. சப என்பது என்ன? சக-வும் கத-வும் சேர்ந்ததுதான். முடிந்தது.

அழகாக இருக்கிறது. வளைந்த வழியை நிமிர்த்தி நேர்கோடாக்கி, பிறகு ஒப்பிடுகிறார். ஆனால் இதில் இரண்டு கடன்கள் இருப்பதைக் கவனியுங்கள். 'இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம்' என்பது 5-ஆம் தேற்றம். 'பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம்' என்பது 19. அந்த 19 நிற்பது 18-ன் மேல் ('பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம்'). 18 நிற்பது 16-ன் மேல் ('வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணங்கள் ஒவ்வொன்றையும் விடப் பெரிது'). 16-க்கு ஒரு கோட்டின் நடுப்புள்ளி வேண்டும், அது 10. 10-க்கு 9, 9-க்கு 8, 8-க்கு 7, 7-க்கு மறுபடி 5. எல்லாவற்றுக்கும் அடியில் 4, அதாவது பக்கம்-கோணம்-பக்கம் சர்வசமம்.

கழுதை ஒரே அடியில் போன இடத்துக்கு யூக்ளிட் பத்துப் பன்னிரண்டு படி ஏறிப் போகிறார். வேறு வழி இருந்ததா? இருந்தது. 'இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி நேர்கோடு' என்று தொடக்கத்திலேயே ஓர் எடுகோளாக வைத்திருக்கலாம். பின்னால் வந்த ஆர்க்கிமிடீஸ், கோளம்-உருளை பற்றிய நூலில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார். வளைகோடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டியிருந்ததால், ஒரே முனைகளைக் கொண்ட கோடுகளில் நேர்கோடே சிறியது என்று நிரூபணம் இல்லாமலே எடுத்துக்கொண்டார். ஒரு விதத்தில் ஆர்க்கிமிடீஸ் கழுதையோடு ஒத்துப்போனார்.

யூக்ளிட் அதைச் செய்யாததற்கு அது பொய் என்றோ சந்தேகம் என்றோ காரணம் இல்லை. இன்னும் ஒன்றை நம்பச் சொல்லாமலேயே அதை அடைய முடிந்தது, அதுதான் காரணம். கடன் வாங்காமல் கட்ட முடிகிற வீட்டுக்கு யாராவது கடன் வாங்குவார்களா? 20-ஆம் தேற்றத்தின் நிரூபணம் 'இது உண்மை' என்று நமக்குச் சொல்ல வரவில்லை. 'இதைத் தனியாக நம்ப வேண்டியதில்லை' என்று சொல்ல வருகிறது. புரோக்ளஸின் பதிலைவிட இதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இன்னொரு கழுதை

வேடிக்கை என்னவென்றால் இந்தப் புத்தகத்தில் இன்னொரு கழுதையும் உண்டு. 5-ஆம் தேற்றத்துக்கு, அதாவது இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பதற்கு, ஐரோப்பாவில் 'கழுதைகளின் பாலம்' என்று பெயர். படிப்பு ஏறாதவர்கள் இந்தப் பாலத்தைத் தாண்டமாட்டார்கள் என்று அர்த்தம். யூக்ளிடின் நிரூபணம் உண்மையிலேயே கொஞ்சம் சுற்று. இரண்டு சம பக்கங்களையும் கீழே நீட்டி, இரண்டு புள்ளிகளைக் குறித்து, குறுக்கே இணைத்து, இரண்டு ஜோடி முக்கோணங்களை ஒப்பிட்டு, கழித்து வருகிறது.

நம் பள்ளிப் புத்தகங்களில் வழக்கமாக இருக்கும் நிரூபணம் எளிது. உச்சிக் கோணத்துக்கு இருசமவெட்டி போடு. முக்கோணம் இரண்டாகப் பிரியும். ப-கோ-ப விதிப்படி இரண்டும் சர்வசமம். அடிக்கோணங்கள் சமம். நாலு வரி, ஐந்து மதிப்பெண்.

இதில் என்ன தப்பு? தனியாகப் பார்த்தால் எதுவும் இல்லை. ஆனால் யூக்ளிடின் வரிசையில் வைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தைச் சமமாக இரண்டாகப் பிரிக்க முடியும் என்பது 9-ஆம் தேற்றம். காம்பஸ் வைத்து வில் வெட்டுகிறோமே, அதேதான். அந்த வில் வெட்டும் முறை சரியாக வேலை செய்கிறது என்று காட்ட ப-ப-ப சர்வசமம் வேண்டும், அது 8. எட்டுக்கு ஏழு. ஏழை நிரூபிக்க என்ன வேண்டும்? 'இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம்'. அதாவது ஐந்து! எதை நிரூபிக்கக் கிளம்பினோமோ அதையே வழியில் கைச்செலவுக்கு வாங்கியிருக்கிறோம்.

இதைச் சரிசெய்ய முடியாதா என்றால், முடியும். ஒவ்வொரு கோணத்துக்கும் இருசமவெட்டி இருக்கிறது என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் வட்டம் உடையும். சொல்லாமல் விடும்போதுதான் தப்பு. யூக்ளிட் ஏன் சுற்றிப் போனார் என்பதற்கும் இதுவே பதில். நேர்வழி அவருக்கு அந்த இடத்தில் இன்னும் திறக்கவில்லை.

பாப்பஸ் இதைவிட நல்ல வழி கண்டதாகப் புரோக்ளஸே சொல்கிறார். எந்தக் கோடும் போட வேண்டாம். கசத முக்கோணத்தை, திருப்பிப் போட்ட அதே கதச முக்கோணத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் சமம், நடுவில் உள்ள கோணம் அதேதான். ப-கோ-ப. ஆக ச-வும் த-வும் சமம். கடன் 4-ஆம் தேற்றம் மட்டும். இங்கே யூக்ளிடைவிட பாப்பஸ் ஒரு படி மேல் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. இதை ஏன் நம் வகுப்புகளில் சொல்வதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். ஒரு முக்கோணத்தை அதன் கண்ணாடிப் பிம்பத்தோடு ஒப்பிடுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

வீண்வேலை போலத் தெரியும் இரண்டு தேற்றங்கள்

இப்போது என்னைக் கட்சி மாற்றிய இடத்துக்கு வருகிறேன்.

16-ஆம் தேற்றம்: வெளிக்கோணம், உள்ளெதிர்க் கோணங்கள் ஒவ்வொன்றையும் விடப் பெரிது. 17: எந்த இரண்டு கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணத்தைவிடச் சிறியவை. பிறகு 32: வெளிக்கோணம் இரண்டு உள்ளெதிர்க் கோணங்களின் கூட்டலுக்குச் சமம், மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம், அதாவது 180 டிகிரி.

32 கையில் இருந்தால் 16 எதுக்கு? வெளிக்கோணம் இரண்டின் கூட்டல் என்றால் ஒவ்வொன்றையும் விடப் பெரிது என்பது சொல்லாமலே தெரியும். 17-ம் அப்படித்தான். மூன்று சேர்ந்தால் 180 என்றால் இரண்டு சேர்ந்து 180-க்குக் குறைவு. வலுவான தேற்றம் ஒன்று வரப்போகும்போது, அதன் இரண்டு நோஞ்சான் வடிவங்களை முன்னாலேயே தனித்தனியாக நிரூபிப்பது நேர விரயம் இல்லையா? நல்ல எடிட்டர் ஒருவர் இருந்திருந்தால் இரண்டையும் வெட்டியிருப்பார்.

வெட்டியிருந்தால் புத்தகத்தின் உயிரை வெட்டியிருப்பார். ஐந்து எடுகோள்களில் முதல் நான்கும் எளியவை. இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கலாம், கோட்டை நீட்டலாம், வட்டம் வரையலாம், எல்லாச் செங்கோணங்களும் சமம். ஐந்தாவது மட்டும் நீளமானது. இரண்டு நேர்கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டி, ஒரு பக்கத்து உட்கோணங்கள் சேர்ந்து இரண்டு செங்கோணத்துக்குக் குறைவாக இருந்தால், அந்தக் கோடுகளை நீட்டிக்கொண்டே போனால் அதே பக்கத்தில் சந்திக்கும். படித்தாலே இது எடுகோள் மாதிரி இல்லை, தேற்றம் மாதிரி இருக்கிறது.

முதல் 28 தேற்றங்களில் யூக்ளிட் இந்த ஐந்தாவதைத் தொடவே இல்லை. 29-ல்தான் முதல் முறையாக எடுக்கிறார். 32-க்கு அது தேவை. உச்சி வழியாக எதிர்ப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு போட்டு, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று சொல்லித்தானே 180-ஐ நிரூபிக்கிறோம்? அந்த 'ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்' என்பதே 29. ஆனால் 16-க்கும் 17-க்கும் ஐந்தாவது எடுகோள் தேவையில்லை. அதனால்தான் அவை தனியாக நிற்கின்றன. ஐந்தாவது எடுகோள் இல்லாமல் முக்கோணத்தைப் பற்றி எவ்வளவு தூரம் போக முடியும்? இதோ இவ்வளவு தூரம். அதற்கு மேல் போக வேண்டுமானால் இதோ விலை. யூக்ளிட் இப்படி ஒரு வாக்கியம் எழுதவில்லை. வரிசையால் சொல்லியிருக்கிறார்.

இந்த வரிசை சொன்னதைச் சரிபார்க்க உலகத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஐந்தாவதை மற்ற நான்கிலிருந்து நிரூபிக்கப் பலர் முயன்றார்கள். 1733-ல் சக்கேரி ஒரு புத்தகமே எழுதினார். லெஜாந்தர் 1794-ல் முதலில் வெளிவந்த தன் வடிவியல் பாடநூலின் பதிப்புகளில் திரும்பத் திரும்ப முயன்றார். ஐந்தாவது இல்லாமல், மூன்று கோணங்களின் கூட்டல் 180-ஐத் தாண்டாது என்பது வரை காட்ட முடிந்தது. சரியாக 180 என்று காட்ட முடியவில்லை. 1829-ல் லொபசெவ்ஸ்கியும் 1832-ல் போயாயும், ஐந்தாவதை மறுத்தாலும் முரண்பாடு தெரியாத ஒரு வடிவியலை வெளியிட்டார்கள். அதில் முக்கோணத்தின் கோணங்கள் 180-க்குக் குறைவு. முக்கோணம் பெரிதாகப் பெரிதாகக் குறைவும் கூடும். யூக்ளிடின் முதல் 28 தேற்றங்கள் அங்கேயும் அப்படியே செல்லும். கழுதையின் 20-ஆம் தேற்றம் உட்பட.

'180 டிகிரி', 'இரு பக்கம் சேர்ந்து மூன்றாவதைவிடப் பெரிது' இரண்டும் பாடப்புத்தகத்தில் ஒரே பெட்டிக்குள், 'முக்கோணத்தின் பண்புகள்' என்ற தலைப்பில், அடுத்தடுத்த வரிகளாக இருக்கும். ஆனால் ஒன்று நிற்பதற்கு ஐந்தாவது எடுகோள் வேண்டும், மற்றது அதில்லாமலே நிற்கிறது. பெட்டி அதைச் சொல்லாது.

கிழித்த காகிதம்

180 டிகிரியை நமக்கு எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? காகிதத்தில் முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து, ஒரு ஸ்கேல் ஓரமாக அடுக்கச் சொல்வார்கள். நேர்கோடு வரும். அல்லது கோணமானியால் அளந்து கூட்டச் சொல்வார்கள். ஒருத்தருக்கு 178 வரும், இன்னொருத்தருக்கு 181. 'சரியா அளக்கலை, மறுபடி அள' என்பார் ஆசிரியர்.

கிழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கையால் செய்வது மனதில் நிற்கும். ஆனால் அந்த அளவிடும் பயிற்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடை முன்பே முடிவாகிவிட்டது. 178 வந்தால் தப்பு மாணவர்மேல், 180 வந்தால் புகழ் தேற்றத்துக்கு. பேச அனுமதி இல்லாத சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது போன்றது இது. கிழித்த காகிதமும் 180-ஐயும் 179½-ஐயும் பிரித்துச் சொல்லாது. தான் தட்டையாக இருந்ததால்தான் இப்படி வந்தது என்பதையும் அது சொல்லாது.

ஒரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடதுருவத்திலிருந்து இரண்டு தீர்க்கரேகைகள், நடுவில் 90 டிகிரி. இரண்டும் நிலநடுக்கோட்டைச் செங்குத்தாக வெட்டும். மூன்று கோணமும் 90. கூட்டல் 270. இது விளையாட்டுக் கணக்கு இல்லை. நிலத்தை அளப்பவர்களின் அன்றாடக் கணக்கு. 1802-ல் நம் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்து வளர்ந்தது. ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணம் முழுதும் தெரியும். இது யூக்ளிடின் 26-ஆம் தேற்றம். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்துவிட்டு, மற்றதெல்லாம் கோணங்களாலேயே போகலாம்.

கொள்கைப்படி இரண்டு கோணம் போதும். ஆனாலும் முடிந்த இடத்திலெல்லாம் நில அளவையாளர்கள் மூன்றையும் அளப்பார்கள். கூட்டிப் பார்த்துப் பிழையைப் பிடிக்கத்தான். அப்போது அவர்கள் ஒப்பிடுவது 180-ஓடு இல்லை. 180-ஓடு பூமியின் வளைவுக்கான ஒரு சிறு உபரியைச் சேர்த்துத்தான். ஜெர்மனியில் காவுஸ் அளந்த பெரிய முக்கோணம் புகழ்பெற்றது. புரோக்கன், ஹோஹென்ஹாகன், இன்சல்ஸ்பெர்க் என்ற மூன்று மலைகளுக்கு இடையே, பக்கங்கள் ஏறத்தாழ 69, 85, 107 கிலோமீட்டர். உபரி எவ்வளவு? முக்கோணத்தின் பரப்பை பூமியின் ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வந்துவிடும். பரப்பு சுமார் 2,900 சதுர கிலோமீட்டர், ஆரம் 6,371 கிலோமீட்டர். வகுத்து மாற்றினால் கிட்டத்தட்ட 15 விகலை. ஒரு டிகிரியில் 3,600 விகலை. அவ்வளவு சின்ன வித்தியாசம். இருந்தும் விட முடியாது.

வகுப்பறையிலும் கோணங்களைக் கூட்டுகிறார்கள், நில அளவையாளரும் கூட்டுகிறார். ஆனால் அவருக்குத் தான் எந்த எடுகோளை நம்பி நிற்கிறோம், எங்கே அது பொருந்தாது என்று தெரியும். அந்த அறிவு இல்லாத 180, வெறும் மனப்பாடம்.

யூக்ளிடின் கடன்கள்

இவ்வளவு புகழ்ந்த பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எது எதன் மேல் நிற்கிறது என்பதே இந்தப் புத்தகத்தின் பெருமை என்றால், அதே அளவுகோலால் இதையும் அளக்க வேண்டும். அளந்தால் ஓட்டைகள் இருக்கின்றன. பெரியவை.

முதல் தேற்றத்திலேயே ஒன்று. சமபக்க முக்கோணம் வரைய இரண்டு வட்டம் போடுகிறார், அவை வெட்டும் புள்ளியை எடுக்கிறார். வட்டங்கள் வெட்டும் என்று எந்த எடுகோள் சொன்னது? எதுவும் இல்லை. படம் சொன்னது.

4-ஆம் தேற்றம், எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். ஒரு முக்கோணத்தைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைக்கிறார். வடிவத்தைத் தூக்கி நகர்த்தலாம், நகர்த்தினால் அளவு மாறாது என்று எங்கே சொன்னார்? சொல்லவில்லை. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1902-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த இரண்டு இடங்களையும் தயவே இல்லாமல் தாக்கியிருக்கிறார். ஹில்பர்ட் 1899-ல் வடிவியலின் அடித்தளங்களைத் திரும்பக் கட்டியபோது, ப-கோ-ப விதியின் சாரத்தை எடுகோள்களிலேயே ஒன்றாக வைத்துவிட்டார். நிரூபிக்க முடியாததை நிரூபித்தது போல் காட்டுவதைவிட அது நேர்மை.

மூன்றாவது ஓட்டை இன்னும் நுட்பமானது. ஒரு புள்ளி ஒரு கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலா வெளியிலா என்பதை யூக்ளிட் படத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார். இதில் என்ன ஆபத்து? 'எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே' என்ற பிரபலமான போலி நிரூபணத்தைப் பாருங்கள். உச்சியின் கோண இருசமவெட்டியும், அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் ஒரு புள்ளியில் சந்திக்கட்டும். அங்கிருந்து மற்ற இரண்டு பக்கங்களுக்கும் செங்குத்துக் கோடு போடுங்கள். மேலே ஒரு ஜோடி சர்வசம முக்கோணங்கள், கீழே ஒரு ஜோடி. துண்டுகளைக் கூட்டினால் இரண்டு பக்கமும் சமம்! ஒவ்வொரு அடியும் சரியாகத்தான் இருக்கும். தப்பு படத்தில். அந்தச் சந்திக்கும் புள்ளி உண்மையில் முக்கோணத்துக்கு வெளியே விழும். செங்குத்துக் கோடுகளில் ஒன்று பக்கத்தின் மேலும் மற்றொன்று பக்கத்தின் நீட்சியிலும் விழும். ஒரு பக்கம் கூட்ட வேண்டும், மறுபக்கம் கழிக்க வேண்டும். கையால் தோராயமாகப் போட்ட படம் இதை மறைத்துவிடும். யூக்ளிடின் எடுகோள்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பொய்யைத் தடுக்க முடியாது. ஹில்பர்ட் 'நடுவில்' என்ற சொல்லுக்கே தனி எடுகோள்கள் எழுதியது இதற்காகத்தான்.

கழுதைக்கு ஒரு மதிப்பெண்

இந்த ஓட்டை, நான் புகழ்ந்த 16-ஆம் தேற்றத்திலேயே இருக்கிறது. யூக்ளிட் ஒரு பக்கத்தின் நடுப்புள்ளி வழியாக எதிர் உச்சியிலிருந்து கோடு போட்டு, அதே நீளத்துக்கு அப்பாலும் நீட்டுகிறார். நீட்டிய முனை வெளிக்கோணத்துக்கு உள்ளே விழுகிறது என்பதைப் படத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார். தட்டையான தளத்தில் அது சரி. பந்தின் மேல்? நீட்டிய கோடு சுற்றிக்கொண்டு எங்கோ போய்விடலாம். அந்த 270 டிகிரி முக்கோணத்தையே பாருங்கள். நிலநடுக்கோட்டு மூலையில் வெளிக்கோணம் 90, உள்ளெதிர்க் கோணமும் 90. பெரிது இல்லை, சமம். 16-ஆம் தேற்றம் பந்தின் மேல் பொய்.

16 விழுந்தால் 18, 19, 20 எல்லாவற்றின் நிரூபணமும் விழும். ஆனால் 20 சொல்லும் விஷயம்? பந்தின் மேலும் அது உண்மைதான். ஒவ்வொரு பக்கமும் அரைவட்டத்துக்குக் குறைவாக உள்ள கோள முக்கோணத்தில், இரண்டு பக்கம் சேர்ந்தால் மூன்றாவதைவிடப் பெரிதுதான். வேறு வழியில் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். கழுதையும் உருண்டைப் பூமியின் மேல்தானே நடக்கிறது? அதன் கணிப்பு தட்டையிலும் சரி, உருண்டையிலும் சரி. யூக்ளிடின் நிரூபணம் உருண்டையில் செல்லாது. இந்த இடத்தில் கழுதைக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். நான் பாதிதான் கட்சி மாறினேன் என்று சொன்னது இதனால்தான்.

ஆனால் அந்த மதிப்பெண்ணை யார் போட்டது? கழுதை தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாது. தன் கணிப்பு எங்கெல்லாம் செல்லும் என்று அதற்குத் தெரியாது. 20-க்குக் கீழே 16 இருக்கிறது, 16-க்குக் கீழே சொல்லாத ஓர் அனுமானம் இருக்கிறது என்று நாம் படிப்படியாக இறங்கிப் பார்த்ததால்தான் இந்த விஷயமே வெளியே வந்தது. யூக்ளிடைக் குறை சொல்லும் வழியையும் யூக்ளிடே காட்டித் தந்திருக்கிறார். ரஸ்ஸலும் ஹில்பர்ட்டும் அவர்மேல் பிரயோகித்தது அவருடைய சொந்த அளவுகோல்தான். கோபத்தைக் கழித்துப் பார்த்தால், அது ஒரு புத்தகத்துக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை.

பள்ளியில் 48 தேற்றத்தையும் வரிசையாக நடத்தச் சொல்லவில்லை. அப்படி நடத்திய காலங்களில் பிள்ளைகள் அதையும் உருப்போட்டுத்தான் எழுதினார்கள். காகிதத்தைக் கிழிக்கட்டும், கோணமானியால் அளக்கட்டும். அதன் பிறகு ஒரே ஒரு கேள்வியாவது கேட்கலாம்: இது எதன் மேல் நிற்கிறது? அது இல்லாமல் போனால் என்ன ஆகும்? பக்கத்தில் ஒரு பந்தையும் வைத்துவிட்டால், 178 வந்த பிள்ளை அடுத்த முறை திட்டு வாங்காமல் கேள்வி கேட்கும்.